இல்லையென்று சொல்லாத கிட்டங்கி

எங்கள் மாதர் சங்கத்தில் நல்லது செய்ய ஆள் பஞ்சமே கிடையாது. பால் காய்ச்ச ஆள் உண்டு, கூட்டத்தில் பேச ஆள் உண்டு, பேசியவருக்கு மாலை போடவும் ஆள் உண்டு. புகார் கேட்கத்தான் ஒருவரும் முன்வரவில்லை. அந்த வேலை என் தலையில் வந்து விழுந்தது. என் பொறுமையைப் பார்த்துக் கொடுத்தார்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பொறுமை எனக்கு அன்றும் இல்லை, இன்றும் இல்லை. என் வீட்டுக்காரர் ரயில்வேயில் இருந்தார், எனக்குப் பாஸ் உண்டு. இராமநாதபுரத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் எந்த ஊரில் புகார் என்றாலும் சங்கத்துக்குச் செலவு வைக்காமல் போய்வரக்கூடிய ஒரே ஜீவன் நான்தான். தலைவியம்மா இதைக் கூட்டத்தில் சொன்னபோது எல்லோரும் கை தட்டினார்கள். தப்பித்தோம் என்ற சந்தோஷம் அந்தக் கைதட்டலில் நன்றாகவே கேட்டது.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எங்கள் சீமையை மழை ஏமாற்றிக்கொண்டே இருந்த காலம். கண்மாய்களெல்லாம் பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தன. வெளிநாட்டிலிருந்து கப்பலில் வந்த பால் பவுடரைச் சென்னையிலிருந்த தலைமைச் சங்கம் பீப்பாய் பீப்பாயாக எங்களுக்கு அனுப்பிவைத்தது. நாங்கள் ஊருக்கு ஊர் ஒரு மையம் வைத்து, அதைக் கரைத்துக் காய்ச்சி, கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் ஊற்றினோம். மையத்தில் வேலை செய்கிறவர்கள் எல்லோரும் தொண்டர்கள். சம்பளம் கிடையாது. அதனால் அவர்கள் மேல் புகார் வந்தால் அவர்களுக்கு வலிக்கிற வலியும் வேறு மாதிரி இருக்கும்.

வந்த புகார்களைச் சொன்னால் இன்றைக்குச் சிரிப்பீர்கள். இந்தப் பாலைக் குடித்தால் பிள்ளை வெள்ளைக்காரன் பாஷை பேசுமாமே என்று ஒரு தகப்பனார் மிரண்டுபோய் வந்தார். தன் பிள்ளைக்கு அகப்பையைச் சாய்த்து ஊற்றினார்கள், மதினி பிள்ளைக்கு நிமிர்த்தி ஊற்றினார்கள் என்று ஒருத்தி அழுதாள். மாட்டைக் கண்ணால் பார்க்காமல் எப்படிப் பாலை நம்புவது என்று கேட்டார் ஒரு பெரியவர். அவர் கேட்டது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. இப்போதும் படுகிறது.

முதல் தடவை விசாரிக்கப் போனபோது நேராக மையத்துக்கே போய் இறங்கினேன். எனக்கு முன்னால் செய்தி போயிருந்தது. தரை மெழுகி, பாத்திரம் துலக்கி, பிள்ளைகளுக்குத் தலை வாரி, கல்யாண வீடு மாதிரி வைத்திருந்தார்கள். புகார் சொன்னவள் என்னைக் கண்டதும் வாயே திறக்கவில்லை. அதற்குப் பிறகு முறையை மாற்றிக்கொண்டேன். முதலில் புகார் சொன்னவர் வீடு. அங்கே உட்கார்ந்து, தண்ணீர் வாங்கிக் குடித்து, அவர்கள் வேலை அதன் போக்கில் நடக்கட்டும் என்று பார்த்துக்கொண்டே கேட்பது. மையம் அதற்கு அப்புறம்தான். தண்ணீர் குடித்த வீட்டில் சண்டை போடுவது எனக்கே கஷ்டமாக இருந்தது என்பது இந்த முறையில் கிடைத்த இன்னொரு லாபம்.

நான் சொல்ல வந்தது புதுமடத்துப் பக்கம் கடலோரத்தில் இருந்த எங்கள் மையத்தைப் பற்றி. முஸ்லிம் தெரு ஒன்றில், கிட்டங்கி என்று சொல்கிற ஒரு சரக்குக் கிடங்கில் அது நடந்தது. முன்பு அந்தக் கிட்டங்கியில் கொழும்புக்கு அனுப்பக் கருவாடு அடுக்கி வைத்திருப்பார்களாம். எத்தனை தரம் கழுவிவிட்டாலும் சுவர் அதை மறக்கவில்லை. பால் குடிக்க வரும் பிள்ளைகளுக்கு அந்த வாசம் ஒரு பொருட்டே இல்லை, மூக்கைப் பொத்தியது நான் ஒருத்திதான்.

அந்த மையத்தை நடத்தியவரை ஊரே ராத்தா என்று கூப்பிட்டது. அந்தப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அக்காளை அப்படித்தான் அழைப்பார்கள். நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். அவர் கணவர் கொழும்பில் கடை வைத்திருந்தார். கிட்டங்கி மாமனாருடையது, அதன் பின்கதவு அவர்கள் வீட்டுக் கொல்லையில் திறக்கும். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டு ராத்தா அந்தக் கதவு வழியாக வருவார், அதே வழியாகத் திரும்பிவிடுவார். அவ்வளவு தூரம்தான். ஆனால் அந்தத் தெருவில் ஒரு பெண் வீட்டுக்கு வெளியே வந்து ஊர் வேலை ஒன்றைத் தூக்கிச் செய்தது அதுதான் முதல் தடவை. தலைவியம்மா மாமனாரிடம் பல நடை நடந்து வாங்கிய அனுமதி அது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"எங்க வூட்டுப் புள்ள மேல ஒரு சொல்லு வரப்படாது. வந்துச்சுண்டா, அண்டைக்கே கதவைச் சாத்திருவேன்."

ராத்தா அந்தக் கதவு திறந்திருப்பதற்காக என்னவெல்லாம் செய்தார் என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். சூடு பார்க்க மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்ப்பார். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஊற்றும்போது பிஸ்மி சொல்லுவார். கொஞ்ச நாளில் எல்லாப் பிள்ளைகளும் பிஸ்மி சொல்லிக் குடிக்க ஆரம்பித்தார்கள். நெற்றியில் திருநீறு பூசிய பிள்ளைகளும் சேர்த்துத்தான். இதற்கும் ஒரு புகார் வரும் என்று நான் காத்திருந்தேன். வரவில்லை. ஒரு தாயிடம் நானே வாயைக் கொடுத்துப் பார்த்தேன். "சாமி பேரச் சொல்லிக் குடிச்சா வயித்துல தங்கும்ல" என்று சொல்லிவிட்டு அவள் பாட்டுக்குப் போய்விட்டாள்.

அந்த மையத்தின் மேல்தான் புகார் வந்தது. இராமநாதபுரத்தில் சந்தை நாள். சங்கத்தில் மாதக் கூட்டம் நடந்துகொண்டிருந்தது. இடுப்பில் பிள்ளையோடு ஒருத்தி நேரே உள்ளே வந்து, எல்லோருக்கும் நடுவில் நின்றாள். கடலை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஊரில் விவசாயக் குடும்பத்துப் பெண், என் வயதுதான் இருக்கும். முழங்கால் வரைக்கும் புழுதி. பிள்ளையின் முடி செம்பட்டை பாய்ந்திருந்தது. சாப்பாடு பற்றாத பிள்ளை என்று பார்த்தவுடனே தெரிந்தது.

"அம்மா, எங்க புள்ளைகளுக்குத்தான் பாலுன்னு சொன்னீக. நம்பி, வேகாத வெயில்ல இதைத் தூக்கிக்கிட்டு நடந்து போறேன். போறப்பல்லாம் நிறைய இருக்கு, நாளைக்கு வான்னு திருப்பி அனுப்புறாக. இருந்தா ஊத்த வேண்டியதுதானே? இருக்குன்னு சொல்லிக்கிட்டே குடுக்க மாட்டேன்னா அது என்ன பெரிய மனுசத்தனம்?"

"நிறைய இருக்குன்னு அவங்களே சொன்னாங்களா?" என்று கேட்டேன்.

"அவுக வாயாலதான். அவுக பேச்சுல ஒரு வார்த்தை சொன்னாக. எனக்கு விளங்கல. வர்ற வழியில கடைக்காரரக் கேட்டேன். குறைவில்லாம நிறைவா இருக்குன்னு அர்த்தம்மான்னு அவருதான் சொன்னாரு."

எனக்கு உச்சந்தலை வரைக்கும் சுர்ரென்று ஏறியது. சாய்த்து ஊற்றினாள், நிமிர்த்தி ஊற்றினாள் என்பதெல்லாம் ஒரு பக்கம். இருப்பதை வைத்துக்கொண்டு பிள்ளையைத் திருப்பி அனுப்புவது வேறு. கூட்டத்தில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அன்று முதல் எங்களுக்குள் அந்தப் பெண்ணின் பெயர் புகார்க்காரி. பிற்பாடு அவளே அந்தப் பெயருக்கு 'என்னம்மா' என்று திரும்பிப் பார்க்கும் அளவுக்கு அது ஒட்டிக்கொண்டது.

நேரமும் பொல்லாத நேரம். சென்னைத் தலைமைச் சங்கத்திலிருந்து ஒரு அம்மா மையங்களைத் தணிக்கை செய்ய மறுவாரம் வருவதாக இருந்தது. தலைவியம்மா என்னைத் தனியே கூப்பிட்டார்.

"அவங்க வர்றதுக்குள்ள விசாரிச்சிரு. உண்மையா இருந்தா ஆளை மாத்திர வேண்டியதுதான்."

ஆளை மாற்றுவது என்றால் அந்தக் கிட்டங்கியில் என்ன அர்த்தம் என்று எங்கள் இருவருக்குமே தெரியும். ராத்தா பின்கதவு வழியாக உள்ளே போவார். அதன் பிறகு அந்தக் கதவு திறக்காது. அவருக்கும் திறக்காது, அந்தத் தெருவில் வேறு எந்தப் பெண்ணுக்கும் திறக்காது.

புகார்க்காரியே வந்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள், இனி அவள் வீட்டுக்குப் போய் என்ன கேட்க என்று நினைத்து நான் நேரே மையத்துக்குப் போனேன். உச்சிப்புளியில் இறங்கி, கோபத்திலேயே அவ்வளவு தூரத்தையும் நடந்தேன். போனபோது பால் ஊற்றி முடிந்திருந்தது. ராத்தா அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"ராத்தா, உச்சிப் பொழுதுல ஒரு பொண்ணு பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்துச்சா?"

"வந்துச்சே. செம்பட்ட முடிப் புள்ள. ரெண்டு மூணு தரம் வந்துச்சு."

"அது வந்தப்ப பால் இருந்துச்சா?"

"பரக்கத்தா இருந்துச்சு."

பரக்கத் என்றால் ஆண்டவன் அருளால் பெருகி நிறைவது என்பது எனக்குத் தெரியும். அந்தத் தெருவில் கொஞ்ச நாள் பழகிய யாருக்கும் தெரியும். இருந்தாலும் இன்னொரு தடவை கேட்டேன்.

"இருந்துச்சா?"

"ம். பரக்கத்து."

"அப்ப ஏன் ஊத்தலை?"

ராத்தா அண்டாவை விட்டுவிட்டு நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எனக்குக் காது மந்தமோ என்று சந்தேகப்படுகிற பார்வை.

"என்ன கேள்வி கேக்குறிய? பரக்கத்துண்டு சொல்றேன்ல."

அவருக்குப் பின்னால் பால் பவுடர் பீப்பாய்கள் வரிசையாக நின்றன. அன்றன்றைக்கு உரிய பங்கை மட்டும்தான் கரைக்க வேண்டும், மறுநாள் பங்கைத் தொடக்கூடாது என்பது சங்கத்தின் விதி. அதனால் எந்த நேரத்தில் வந்து பார்த்தாலும் அங்கே பவுடர் இருக்கும். பீப்பாயைப் பார்த்து எதையும் முடிவு செய்ய முடியாது. ஆனால் தன் வாயாலேயே இப்படி அடித்துச் சொல்கிற ஆளை நான் என்ன சொல்லிக் காப்பாற்றுவது? கொஞ்சம் கூச்சமாவது பட வேண்டாமா என்று எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

பின்கதவில் மாமனார் நின்றிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். கையில் உருட்டிக்கொண்டிருந்த தஸ்பீஹ் ஜெபமணி அப்படியே நின்றிருந்தது.

"சொல்லு வந்துருச்சு போலயே."

"விசாரிச்சுக்கிட்டுத்தான் இருக்கோம், அய்யா."

"விசாரிங்க. மெட்ராஸ் அம்மா வந்து பாத்துட்டுப் போகட்டும். அதுவரைக்கும் கதவு தெறந்து கெடக்கும். அதுக்கு மேல என் வாக்க நான் மாத்த மாட்டேன்."

ராத்தா துப்பட்டியை இழுத்துவிட்டுக்கொண்டு மறுபடியும் அண்டாவைத் தேய்த்தார். தேய்த்த இடத்தையே தேய்த்தார். நான் வாசலைத் தாண்டும்போது ஒன்று மட்டும் கேட்டார்.

"அந்தப் புள்ளைக்கு வேற எங்கனயாச்சும் பாலு கெடச்சுச்சா?"

என்ன நடிப்பு என்று நினைத்துக்கொண்டு நான் நடையைக் கட்டினேன்.

சென்னை அம்மா மறுவாரம் வந்து இறங்கினார். மூக்குக்கண்ணாடி, தோளில் ஒரு பை, கையில் குடை. தகப்பனார் உத்தியோகத்தால் வடக்கே வளர்ந்தவராம். தமிழ் நன்றாகவே பேசினார், ஆனால் ஒவ்வொரு சொல்லையும் துணி எடுப்பது போலத் தொட்டுப் பார்த்துத்தான் எடுப்பார். நான் முழுவதையும் ஒப்பித்தேன். ராத்தாவே ஒப்புக்கொண்டுவிட்டார் என்று முடித்தேன்.

"புகார் சொன்னவங்க வீட்டுக்குப் போனீங்களா?"

"அவளே வந்து சொல்லிட்டாளே."

"நீங்க எப்பவும் முதல்ல அங்கதான் போவீங்கன்னு உங்க தலைவி சொன்னாங்க. இந்தத் தடவையும் போவோமே."

நான் கண்டுபிடித்த மருந்தை எனக்கே கரைத்துக் கொடுத்தார். வாயை மூடிக்கொண்டு கூட நடந்தேன்.

பனைகளுக்கு நடுவே நாலைந்து வீடுகள். ஓலைக் கூரை, மண் சுவர். புகார்க்காரி அப்போதுதான் களை வெட்டிவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் பதறிப்போய்விட்டாள். பாயை உதறி விரித்தாள். கருப்பட்டியை உடைத்து ஆளுக்கொரு துண்டு கையில் கொடுத்து, செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். வேலை முடிந்து கூலி வாங்கிய பிறகுதான் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பாலுக்குப் போக முடியும், அதனால்தான் உச்சியாகிவிடுகிறது என்று விவரமாகச் சொன்னாள். சென்னை அம்மா கேட்டுக்கொண்டே கருப்பட்டியைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டார். அவருக்கு அது மிகவும் பிடித்துவிட்டது.

அந்தச் சமயத்தில் அடுத்த வீட்டுக்காரி படலைத் தள்ளிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

"மதினி, ஒரு கைப்பிடி அரிசி இருந்தா குடு. கூலி வாங்கினதும் தாரேன்."

புகார்க்காரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "அரிசி நிறைஞ்சிருக்கு மதினி. நாளைக்கு வா" என்றாள்.

"சரி மதினி" என்று அவளும் போய்விட்டாள்.

எனக்கு இதில் ஒரு விசேஷமும் படவில்லை. என் காது வழியாக வந்து அப்படியே போய்விட்டது. சென்னை அம்மாதான் கருப்பட்டியை மெல்லுவதை நிறுத்தினார். அவர் குரலில் குற்றம் சாட்டுகிற தொனி துளியும் இல்லை. தெரியாமல் கேட்கிற கேள்விதான்.

"அரிசி நிறைஞ்சிருக்குன்னு சொன்னீங்க. அவங்க கேட்டது ஒரு கைப்பிடிதானே? ஏன் கொடுக்கலை?"

"எங்கிட்டு இருந்தும்மா குடுக்க? பானை வெறுசா கெடக்கு."

"நிறைஞ்சிருக்குன்னு சொன்னீங்களே?"

"அதாம்மா. நிறைஞ்சிருக்குன்னா அம்புட்டுத்தானே. திங்கிற அரிசிய இல்லேன்னு யாராச்சும் வாயால சொல்லுவாகளா? அப்படிச் சொன்னா வீட்டுல தங்கு…"

அவள் அப்படியே நிறுத்தினாள். கருப்பட்டி உடைத்த கல் கையில் இருந்தது. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன்.

"அந்தப் பரக்கத்து…" என்றாள்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அப்புறம் முகமெல்லாம் சுட்டது. என் வீட்டில் உப்புத் தீர்ந்தால் நான் என்ன சொல்லுவேன்? உப்பு நிறைய வாங்க வேண்டும் என்றுதான் சொல்லுவேன். விளக்கை அணை என்று சொல்ல மாட்டேன், குளிர வை என்பேன். பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டு வருகிறேன். அதே பேச்சை ராத்தா தன் வீட்டு வார்த்தையில் சொன்னார். பிள்ளைகள் குடிக்கிற பாலைத் தீர்ந்துபோயிற்று என்று சொல்ல அவருக்கு நாக்கு எழவில்லை. விசாரணையில் நான் நெருக்கி நெருக்கிக் கேட்டபோதும் எழவில்லை. தன் பேரே போகும் என்று தெரிந்த நிலையிலும் அந்த ஒரு சொல்லை அவர் சொல்லவில்லை.

சென்னை அம்மாவுக்கு நான் இதை விளக்கி முடிப்பதற்குள் புகார்க்காரி பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"எங்கே கிளம்பிட்டே?" என்றேன்.

"நானும் வாரேன். சங்கத்துல அம்புட்டுப் பேருக்கு முன்னால சொல்லிப்புட்டேன். அவுக தெருவுல அம்புட்டுப் பேருக்கு முன்னால நானே எடுக்கணும்ல."

விடிந்ததிலிருந்து வெயிலில் குனிந்து வேலை செய்த பெண். அவள் முன்னால் நடக்க, நாங்கள் இருவரும் ஓட்டமும் நடையுமாகப் பின்னால் போனோம்.

கிட்டங்கி வாசலில் மாமனார் நின்றிருந்தார். சென்னை அம்மா வந்திருக்கிற செய்தி அவருக்கு எட்டியிருந்தது. ஒரு கையில் பூட்டு இருந்தது. தெருவில் ஆள் நடமாட்டமே இல்லை, ஆனால் ஒவ்வொரு வீட்டுக் கதவும் ஒருக்களித்திருந்தது. அந்தக் கதவுகளுக்குப் பின்னால் தெரு முழுவதும் நின்று கேட்டது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. புகார்க்காரிக்கும் அது தெரிந்துதான் இருக்க வேண்டும். தொண்டையைத் திறந்து பேசினாள்.

"அய்யா, உங்க மருமக மேல சொல்லுப் போட்டவ நாந்தான். அவுக பரக்கத்துன்னு சொன்னாக. நிறைய வச்சுக்கிட்டுக் குடுக்க மாட்டேங்கிறாகன்னு நான் நெனச்சுப்புட்டேன். எங்க வீட்டுல அதையே நிறைஞ்சிருக்குன்னு சொல்லுவோம். ரெண்டும் ஒண்ணுதான்னு எனக்கு இன்னைக்குத்தான் வெளங்குச்சு. அவுக மேல ஒரு தப்பும் இல்ல. என் சொல்ல நானே எடுத்துக்கிடுறேன்."

பெரியவர் பூட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு உள்ளுக்குள் பயம். வாக்கு வாக்குதான் என்று சொல்லிவிடக்கூடியவர் அவர்.

"நானுந்தான் அப்படிச் சொல்லுவேன்" என்றார் கடைசியில். "அண்டைக்கு இந்தப் புள்ள இவங்ககிட்டச் சொன்னப்ப நானும் கேட்டுக்கிட்டுத்தான் நிண்டேன். நம்ம வூட்டுப் பேச்சு அடுத்த வூட்டுல வேற மாதிரி போய் விழும்ண்டு எனக்கும் தோணலையே." பிறகு என் பக்கம் திரும்பினார். "ஒரு சொல்லு வந்தா சாத்திருவேண்டு சொன்னேன். வந்த சொல்லக் கொண்டாந்தவங்களே எடுத்துக்கிட்டாங்க. அப்ப, வரலைண்டுதானே கணக்கு?"

"வரவே இல்லை அய்யா" என்றேன். இவ்வளவு சந்தோஷமாக நான் என் வாழ்க்கையில் யாருக்கும் ஆமாம் போட்டதில்லை. அவர் பூட்டைக் கொண்டுபோய் உள்ளே ஆணியில் மாட்டினார்.

அப்போதுதான் ராத்தா வெளியே வந்தார். வெளியே என்றால், வாசற்படி வரைக்கும். தட்டால் மூடிய ஒரு செம்பு கையில் இருந்தது. அதைப் புகார்க்காரியிடம் நீட்டினார்.

"இந்தப் புள்ள பங்கு. கடைசித் தரம் நீ திரும்பிப் போனதுலேர்ந்து தெனமும் மொதல்ல எடுத்து வச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். பொழுது சாஞ்சும் நீ வரலைண்டா வேற புள்ளைக்கு ஊத்திருவேன். நீ வரவே இல்லையே."

"நான் உங்க மேல சொல்லுப் போட்டது தெரிஞ்சப்புறமுமா எடுத்து வச்சீக? கோவம் இல்லையா ஒங்களுக்கு?"

"இருந்துச்சு. ஏன் இல்லாம? ஒம்மேல உள்ள கோவத்தப் புள்ளகிட்டக் காட்டுறதா?"

புகார்க்காரி செம்பை வாங்கிக்கொண்டு அப்படியே வாசலில் உட்கார்ந்து அழுதுவிட்டாள். நானும் அழுதேன். சென்னை அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளை மட்டும் காரியத்தில் கண்ணாக இருந்தது. ராத்தா அதற்காகப் பிஸ்மி சொல்ல, ஒரு மூச்சில் குடித்துவிட்டு இன்னும் வேண்டும் என்று செம்பைத் தட்டிக் காட்டியது.

தீர்ந்தால் எப்படித்தான் தெரிவிப்பது என்ற கேள்வி மிச்சமிருந்தது. அண்டாவை வாசலில் கவிழ்த்து வைத்துவிடலாமே என்றார் சென்னை அம்மா. நாங்கள் மூன்று பேரும் ஒரே குரலில் வேண்டாம் என்று கத்தினோம். வெறும் பாத்திரத்தைக் கவிழ்ப்பது இல்லை என்று வாயால் சொல்வதைவிட அபசகுனம். அவர் பயந்துபோய் ஓர் அடி பின்னால் தள்ளி நின்றார். கடைசியில் ராத்தாதான் வழி சொன்னார். பால் ஊற்றும் பெரிய அகப்பையைக் கழுவி வெளிச்சுவரில் ஓர் ஆணியில் மாட்டிவிடுவது. அகப்பை வெளியே தொங்கினால் அன்றைய பால் அவ்வளவுதான். யாரும் எந்தச் சொல்லையும் சொல்ல வேண்டியதில்லை. தூரத்திலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு முதலிலேயே ஒரு பங்கு எடுத்து வைப்பதையும் சென்னை அம்மா எல்லா மையங்களுக்கும் விதியாகவே ஆக்கிவிட்டார். நாங்கள் அதைத் தூரத்துப் பங்கு என்றோம். புகார்க்காரி வந்து சண்டை போட்டிராவிட்டால், உச்சிப் பொழுதில் நடந்துவருகிற பிள்ளைகள் எத்தனை என்பதே எங்களுக்குத் தெரியாமல் போயிருக்கும். இன்றைக்கும் அவளை நினைத்தால் எனக்கு நன்றிதான் முதலில் வருகிறது.

அன்று திரும்பும்போது ரயிலில் சென்னை அம்மா மடியில் காகிதத்தை வைத்துக்கொண்டு வெகுநேரம் யோசித்தார். தலைமைச் சங்கத்துக்கு இங்கிலீஷில் எழுதி அனுப்ப வேண்டும். நிறைந்திருக்கிறது என்றால் தீர்ந்துவிட்டது என்பதை எப்படி எழுதுவது என்று என்னைக் கேட்டார். இராமநாதபுரம் வரும்வரை முயன்றோம். வரவில்லை. 'மையம் நன்றாக நடக்கிறது' என்று மட்டும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அவருக்குப் பிறகு எத்தனையோ பேர் தணிக்கைக்கு வந்தார்கள். சுவரைப் பார்த்தார்கள், தரையைப் பார்த்தார்கள், கருவாட்டு வாசத்துக்கு மூக்கைச் சுளித்தார்கள். ஏன் கொடுக்கவில்லை என்று சந்தேகப்படாமல் கேட்கத் தெரிந்தவர் அந்த ஒருவர்தான்.

புகார்க்காரி பிற்பாடு எங்கள் சங்கத்திலேயே தொண்டராகச் சேர்ந்தாள். வேலை இல்லாத நாட்களில் கிட்டங்கிக்கு வந்து ராத்தாவோடு நின்று பால் ஊற்றுவாள். யாராவது முணுமுணுத்தால், "எதா இருந்தாலும் சத்தமாச் சொல்லுத்தா, நானும் அப்படி வந்தவதான்" என்பாள். ராத்தாவைப் பார்த்து அந்தத் தெருவில் இன்னும் இரண்டு பெண்கள் துப்பட்டியோடு வெளியே வந்தார்கள். பெரியவர் அவர்களுக்கும் சேர்த்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காவல் இருந்தார்.

சில வருஷங்கள் கழித்து ஒருநாள் பால் பவுடர் வருவது நின்றுபோயிற்று. கப்பலில் வந்தவரைக்கும் வந்தது. இனி அனுப்ப மாட்டார்கள் என்று சென்னையிலிருந்து தகவல் வந்தது. அதை மையம் மையமாகப் போய்ச் சொல்ல வேண்டிய வேலையும் பாஸ் வைத்திருந்த என் தலையில்தான் விழுந்தது. வேறு ஊர்களில் எப்படியோ சொல்லிவிட்டேன். கிட்டங்கிக்கு வந்து நின்றபோது, வழியெல்லாம் கோர்த்து வைத்திருந்த வாக்கியத்தை ஓரமாக வைத்துவிட்டு அண்டாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். உள்ளே பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, ராத்தாவும் புகார்க்காரியும் பால் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். வாசலில் புகார்க்காரியின் பிள்ளை, முடி கருகருவென்று, இன்னொரு பையனைத் துரத்திக்கொண்டு ஓடியது.

"என்ன, வந்ததுலேர்ந்து நிண்டுக்கிட்டே இருக்கிய?" என்றார் ராத்தா.

"ராத்தா" என்றேன். "பால் பவுடர்… பரக்கத்து."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பீப்பாய்களைப் பார்த்தார். கையிலிருந்த பாலைக் கடைசிப் பிள்ளைக்கு ஊற்றி முடித்தார்.

"அல்ஹம்துலில்லா" என்று ஆண்டவனுக்கு நன்றி சொன்னார். "இம்புட்டு நாளு வந்துச்சே."

புகார்க்காரி அவர் கையிலிருந்த அகப்பையை வாங்கி, நல்ல தண்ணீரில் கழுவி, முந்தானையால் துடைத்து, வெளியே கொண்டுபோய் ஆணியில் மாட்டினாள்.